பப்பாளிப் பாலும் ஈரல் புழுவும்

(கால்நடை வளர்ப்போரும் அறிவியல் மாணவர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஈரல் புழுவின் செரிமான நொதிகளைப் பற்றி இன்று பேசப் போகிறேன். இது ஆய்வுக்கூடத்துக்குள் அடங்கிவிடும் பேச்சு அல்ல. கொட்டகையிலிருந்தே தொடங்குகிறேன்.

பணியில் சேர்ந்த புதிதில் காவிரிப் பாசனத்தில் உள்ள ஒரு கிராமத்துக்கு என்னை அழைத்துப் போனார்கள். ஒரு நாட்டுப் பசு. விலா எலும்பை எண்ணிவிடலாம். தாடைக்குக் கீழே ஒரு பை தொங்கியது. தொட்டால் விரல் பதிந்தது. மாட்டுக்காரர் வீட்டு அம்மா சொன்னார்: "மேஞ்சுட்டு வந்தா சாயங்காலம் வீக்கம் பெருசாத் தெரியுதுங்க ஐயா. காலையில பாத்தா கொஞ்சம் வத்தியிருக்கு. தவிடு, புண்ணாக்குன்னு வஞ்சனை இல்லாமத்தான் வைக்கிறேன். இது தின்னுறதெல்லாம் எங்க போவுதுன்னே தெரியல."

மருந்து கொடுத்தோம். காலம் கடந்துவிட்டது. பசு பிழைக்கவில்லை. உடலை அறுத்துப் பார்த்தபோது, ஈரலில் கத்தியை இழுத்ததும் மணலில் இழுத்ததுபோல நறநறவென்று சத்தம் கேட்டது. பித்தநாளங்கள் சுண்ணாம்பு படிந்து, களிமண் குழாய்போலத் தடித்துக் கிடந்தன. ஒன்றைப் பிளந்து அழுத்தினேன். சுருட்டி வைத்த இலைபோல ஒரு புழு வழுக்கிக்கொண்டு வந்தது. பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னும் பல.

அவற்றில் சிலவற்றை வெதுவெதுப்பான உப்புநீரில் இட்டு வைத்தேன். சிறிது நேரத்தில் ஒரு புழுவின் முன்முனையிலிருந்து கரும்பழுப்பு நிறத்தில் நூல்போல ஏதோ வெளியேறி நீரில் கரைந்தது. அடுத்த புழுவிடமிருந்தும் வந்தது. தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. அந்தப் புழுவுக்கு மலவாய் கிடையாது. வாய் வழியே உண்டு, எஞ்சியதை வாய் வழியேதான் கக்க வேண்டும். அது கக்கிய அந்தப் பழுப்பு நீரில் பசுவின் இரத்தம் இருந்தது. அந்த இரத்தத்தைக் கரைத்த நொதிகளும் இருந்தன. அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதிலும் அதற்குள் இருந்தது. அதை முழுதாகப் படிக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

சமையலறையில் இருக்கும் உறவினர்

நொதி என்றதும் மிரள வேண்டாம். உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே அதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டுக்கறி முற்றலாக இருந்தால் ஒரு துண்டு பப்பாளிக்காயை அதோடு போட்டு வேகவைப்பார்கள். கறி பஞ்சாகிவிடும். காயைக் கீறினால் வடிகிற வெண்பாலில் பப்பெய்ன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை வெட்டுவதுதான் அதன் வேலை. கறியின் நாரை அது துண்டு துண்டாக நறுக்கிப் போடுகிறது.

ஈரல் புழு சுரக்கும் முக்கிய நொதிகளுக்குக் கேத்தெப்சின் என்று பெயர். கொதிக்கவைத்துக் கரைப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. இந்தக் கேத்தெப்சின்கள் பப்பெய்னின் குடும்பத்தைச் சேர்ந்தவை. வெட்டும் இடத்தின் அமைப்பு இரண்டிலும் ஒன்றே: சிஸ்டீன், ஹிஸ்டிடின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் எதிரெதிரே நின்று புரதச் சங்கிலியை அறுக்கின்றன. நம் உடலிலும் கேத்தெப்சின்கள் உண்டு. அவை பெரும்பாலும் செல்லுக்குள் ஒரு சிறு பையில் அடைபட்டு, பழைய புரதங்களைப் பிரித்துப் போடும் வேலையைச் செய்கின்றன. புழு அதே நொதியைச் செல்லுக்கு வெளியே, உடலுக்கும் வெளியே, நம் திசுக்களின் மேல் கொட்டுகிறது. பப்பாளிப்பால் பாத்திரத்தில் கிடக்கும் கறிக்குச் செய்வதை, இந்தப் புழு உயிரோடிருக்கும் ஈரலுக்குச் செய்கிறது.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். மற்ற பல உயிர்களுக்குச் செரிமானம் என்பது வயிற்றுக்குள் நடக்கும் ஒரு வேலை. இந்தப் புழுவுக்கு அதுவே கையும் காலும், ஆயுதமும் கேடயமும். நுழைவது, நகர்வது, உண்பது, ஒளிவது ஆகிய நான்கையும் அது செரிமான நொதிகளைக் கொண்டே செய்கிறது. ஆகையால் அதன் பலம் எங்கே இருக்கிறதோ, அதன் உயிர்நிலையும் அங்கேயே இருக்கிறது.

நத்தையிலிருந்து நாற்று வரை

இந்தப் புழுவை மேய்ப்பர்கள் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தார்கள். 1379ஆம் ஆண்டிலேயே பிரான்ஸில் ஜான் த பிரீ என்பவர் ஆட்டு மேய்ப்பைப் பற்றி எழுதிய நூலில் செம்மறியின் ஈரல் அழுகலைக் குறிப்பிட்டார். ஆனால் புழு எங்கிருந்து வருகிறது என்பது அதன்பிறகு 500 ஆண்டுகள் தெரியாமலே இருந்தது. 1879-80 குளிர்காலத்தில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 30 லட்சம் செம்மறிகள் இந்த நோயால் மடிந்தன. அந்தப் பேரிழப்புதான் ஆராய்ச்சியைத் துரிதப்படுத்தியது. ஆக்ஸ்ஃபோர்டில் இருபதுகளில் இருந்த அல்ஜெர்னான் தாமஸும், ஜெர்மனியின் லைப்சிக்கில் பேராசிரியர் ருடால்ஃப் லாய்க்கார்ட்டும் தனித்தனியே உழைத்து, 1883க்குள் புழுவின் வாழ்க்கைச் சுற்றை அவிழ்த்துவிட்டார்கள். இடையில் இருந்தது ஒரு சிறு நத்தை.

சாணத்தோடு முட்டை நீரில் விழுகிறது. முட்டையிலிருந்து வரும் நுண்ணிய இளம்பருவம் நத்தையைத் தேடித் துளைத்து நுழைகிறது. நத்தைக்குள் ஒன்று நூற்றுக்கணக்காகப் பெருகுகிறது. பிறகு வாலுள்ள செர்காரியாக்களாக வெளியேறி, நீரோரப் புல்லிலோ நெல் தாளிலோ ஒட்டி, வாலை உதிர்த்துவிட்டு, தம்மைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்கின்றன. இந்தக் கூட்டு நிலைக்கு மெட்டாசெர்காரியா என்று பெயர். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். புல்லோடு சேர்த்து மாடு அதை விழுங்குகிறது.

குளிர்நாடுகளில் பரவியிருப்பது ஃபாசியோலா ஹெப்பாட்டிகா. நம் நாட்டுச் சமவெளிகளில் மாட்டையும் எருமையையும் தாக்குவது பெரும்பாலும் அதன் பெரிய உடன்பிறப்பான ஃபாசியோலா ஜைஜான்டிகா. நொதிகளைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் முதலாவதில் நடந்தது. இரண்டின் நொதிக் கருவிகளும் பெருமளவு ஒன்றுபோலவே இருக்கின்றன.

நம் செரிமானம் திறக்கும் கதவு

இதில் மனத்தை உறுத்தும் உண்மை ஒன்று உண்டு. புழுவுக்கு முதல் கதவைத் திறந்து விடுவது நம் செரிமானமே.

மெட்டாசெர்காரியாவின் கூடு பல அடுக்குச் சுவர் கொண்டது. வெயில் படாத ஈரப் புல்லில் மாதக்கணக்கில் தாங்கும். அது எப்போது திறக்க வேண்டும்? புல்லின்மேல் திறந்தால் இளம்புழு செத்துவிடும். இரைப்பையில் திறந்தாலும் பயனில்லை. ஆகவே அது தன்னை விழுங்கிய விலங்கின் உடல் தரும் அடையாளங்களுக்காகக் காத்திருக்கிறது. அசைபோடும் விலங்கின் வயிற்றுச் சூடு, அங்கே நிறைந்த கரியமில வாயு, உயிர்வாயுக் குறைவு ஆகிய இவை உள்ளே உறங்கும் புழுவை எழுப்புகின்றன. பிறகு சிறுகுடலில் பித்தநீர் படுகிறது. பித்தநீர் வந்தால் ஈரல் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அப்போது புழு தன் நொதிகளைச் சுரந்து கூட்டின் ஓரிடத்தை உள்ளிருந்து கரைத்து, அந்தத் துளை வழியே வெளியேறுகிறது.

தாய்லாந்திலும் சீனாவிலும் கொரியாவிலும் மீன் வழியே பரவும் ஈரல் புழுக்களில் இதை இன்னும் தெளிவாகக் காணலாம். ஆய்வுக்கூடத்தில் அந்தக் கூடுகளைச் சேகரிக்கும் முறையே ஒரு பாடம். நன்னீர் மீனை அரைத்து, பெப்சினும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த செயற்கை இரைப்பை நீரில் இட்டு, உடல் சூட்டில் வைப்பார்கள். மீனின் சதை முழுவதும் கரைந்து போகும். அடியில் கூடுகள் மட்டும் அப்படியே படிந்து கிடக்கும். ஒரு மீனையே கரைத்த நீர் அவற்றை அசைக்கவில்லை. ஆனால் அவற்றை எடுத்து, கணையம் சுரக்கும் டிரிப்சின் கலந்த நீரில் இட்டால் கூடுகள் விரைவில் திறந்துகொள்கின்றன. இரைப்பை நீரைத் தாங்கவும், சிறுகுடல் நீருக்குத் திறக்கவும் அந்தக் கூடு பழகியிருக்கிறது. நம் உடல் தன் உணவுக்காகச் சுரக்கும் நீரையே அது சாவியாகக் கொண்டிருக்கிறது.

சென்னையில் அவிழ்ந்த முடிச்சு

கூட்டிலிருந்து வெளிவந்த இளம்புழு மனிதக் கண்ணுக்கு ஒரு தூசு. அதற்குப் பல் கிடையாது. ஆயினும் சில மணி நேரத்துக்குள் அது குடற்சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் போய்விடுகிறது. எப்படி?

அதன் குடலில் அந்தப் பயணத்துக்கென்றே நொதிகள் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. கேத்தெப்சின் பி வகையில் சில, கேத்தெப்சின் எல்3 என்ற ஒன்று, அவற்றைத் தூண்டிவிடும் லெகுமெய்ன் என்ற இன்னொன்று. இவற்றில் எல்3 தான் அரியது. அதனால் கொலாஜனை வெட்ட முடியும்.

கொலாஜன் என்றால் என்ன? நம் தோலும் நரம்பும் தசைநாரும் குடற்சுவரும் ஈரலின் உறையும் குலையாமல் நிற்பது அந்தப் புரதத்தால். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு அது. அந்த முறுக்கின் அமைப்பை 1954ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு உலகுக்குச் சொன்னவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் வருவதால்தான் மூன்று இழைகளும் அவ்வளவு நெருக்கமாக முறுக்கிக்கொள்ள முடிகிறது. அந்த நெருக்கத்தால் சாதாரணச் செரிமான நொதிகளுக்குக் கயிற்றில் பிடி கிடைப்பதில்லை. பல நொதிகள் கொலாஜன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். எல்3 நொதியின் வெட்டும் பள்ளத்தில் சில அமினோ அமிலங்கள் மாறி அமைந்திருக்கின்றன. அந்தச் சிறு மாற்றத்தால் கிளைசினும் புரோலினும் நிறைந்த கொலாஜன் இழை அந்தப் பள்ளத்தில் சரியாகப் போய் அமர்கிறது. பிறகு வெட்டு விழுகிறது.

நொதிதான் வழி திறக்கிறது என்பதற்கு என்ன சான்று? 2008ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இளம்புழுவின் கேத்தெப்சின் மரபணுக்களை ஆர்.என்.ஏ. குறுக்கீடு என்ற முறையால் அடக்கிவிட்டு, அந்தப் புழுக்களை எலியின் குடல் துண்டில் விட்டுப் பார்த்தார்கள். குடற்சுவரைத் துளைத்துச் சென்ற புழுக்களின் எண்ணிக்கை குறைந்தது. கத்தியைப் பிடுங்கினால் திருடன் வாசலிலேயே தடுமாறுகிறான்.

உறை போட்ட அரிவாள்

வயிற்றறையில் நீந்தி ஈரலை அடைந்த புழு, அதன் உறையைத் துளைத்து உள்ளே போய், ஆறேழு வாரம் ஈரல் சதையைத் தின்றுகொண்டே சுரங்கம் தோண்டுகிறது. பிறகு பித்தநாளத்தில் குடியேறுகிறது. அங்கே அதன் உணவும் மாறுகிறது, நொதியும் மாறுகிறது. இளம்பருவத்து பி வகையும் எல்3 வகையும் அடங்கி, எல்1, எல்2, எல்5 என்ற நொதிகள் பெருகுகின்றன. வளர்ந்த புழு வெளியேற்றும் புரதங்களில் மிகப் பெரிய பங்கு இவைதான்.

இங்கே ஒரு கேள்வி எழும். புரதத்தைக் கரைக்கும் நொதியைக் குடலில் நிரப்பி வைத்திருக்கும் புழு தானே கரைந்து போகாதா? அறுவடைக்குப் போகிறவர் அரிவாளை இடுப்பில் செருகும்போது முனையை எதிலாவது சுற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். புழுவும் அதையே செய்கிறது. அதன் குடற்சுவர்ச் செல்கள் நொதியை ஓர் உறையோடு சேர்த்தே செய்கின்றன. நொதியின் ஒரு பகுதியே மடிந்து வந்து வெட்டும் பள்ளத்தை மூடியிருக்கும். செல்லுக்குள் இருக்கும்வரை அது வெட்டாது. குடலின் அமிலச் சூழலில் விழுந்ததும் உறை அறுந்து விழுகிறது. அரிவாள் வெளியே வருகிறது.

பிறகு இரத்தம் உள்ளே வருகிறது. ஒரு புழு நாளொன்றுக்கு அரை மில்லிலிட்டர் வரை இரத்தத்தை இழக்கச் செய்யும். நூறு புழுக்கள் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அமிலத்தில் ஹீமோகுளோபின் குலைகிறது. கேத்தெப்சின் அதைச் சிறு சிறு துண்டுகளாக்குகிறது. குடற்சுவர் அந்தத் துண்டுகளை உறிஞ்சி இறுதியாக அமினோ அமிலங்களாக்குகிறது. இதிலிருந்துதான் ஒரு புழு தினமும் 20,000க்கும் மேற்பட்ட முட்டைகளை உருவாக்குகிறது.

அதன் பிறகுதான் கக்கல். ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புழு தன் குடலைக் காலி செய்கிறது. அன்று நான் கண்ணாடிக் குவளையில் பார்த்த பழுப்பு நீர் அதுதான். அந்தக் கக்கலை வீணான கழிவு என்று பலகாலம் நினைத்தோம். ஆனால் கக்கலோடு வெளியே வந்த கேத்தெப்சின்கள் பித்தநாளத்தின் நடுநிலைச் சூழலிலும் உடனே செத்துப்போவதில்லை. அங்கே அவற்றுக்கு இரண்டாவது வேலை இருக்கிறது.

நம் உடல் புழுவை அடையாளம் கண்டு எதிர்ப்புப் புரதங்களை அனுப்புகிறது. எதிர்ப்புப் புரதத்தின் உருவம் சிறுவர்கள் கல்லெறியும் கவட்டைபோன்றது. இரண்டு கொம்புகள் எதிரியைப் பற்றிக்கொள்ளும். கைப்பிடி, வெள்ளணுக்களை அழைத்து வரும். டப்ளின் நகரப் பல்கலைக்கழகத்தில் ஜான் டால்டனின் குழு 1993இல் காட்டியது இதைத்தான்: புழுவின் கேத்தெப்சின் எல், கவட்டை கிளைக்கும் அந்த மூட்டில் சரியாக வெட்டுகிறது. கொம்புகள் தனியே, கைப்பிடி தனியே விழுகின்றன. எதிரியைப் பற்றினாலும் படையை அழைக்க ஆளில்லை. சோறு உண்ட அதே கையால் காவலனின் குரல்வளையையும் நெரிக்கிறது அந்தப் புழு.

இதை மாணவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். ஜெலட்டின் கலந்த ஒரு மெல்லிய ஜெல்லில் புழு கக்கிய நீரை மின்புலத்தில் ஓடவிட்டு, இரவு முழுவதும் உடல் சூட்டில் வைத்து, மறுநாள் நீலச் சாயத்தில் தோய்த்தால், ஜெல் முழுவதும் நீலமாகும். நொதி நின்ற இடத்தில் மட்டும் ஜெலட்டின் கரைந்து வெள்ளைப் பட்டைகள் தெரியும். ஜெலட்டின் என்பது வெந்து குலைந்த கொலாஜன். அந்த வெள்ளைப் பட்டையை முதன்முதல் பார்த்த அன்று, அந்தப் பசுவின் ஈரல்தான் என் நினைவுக்கு வந்தது.

மனிதருக்கும் இதே கதை

இது கால்நடைக்கு மட்டும் வரும் நோய் என்று ஒதுக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 70க்கும் மேற்பட்ட நாடுகளில் குறைந்தது 24 லட்சம் மக்கள் ஃபாசியோலா தொற்றோடு வாழ்கிறார்கள். பொலிவியாவின் ஆண்டிஸ் உயர்நிலத்தில், கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டருக்கும் மேலே, ஐமாரா மக்களின் சில கிராமங்களில் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இந்தப் புழு இருந்தது கண்டறியப்பட்டிருக்கிறது. ஈரானின் கீலான் மாகாணத்தில் 1989இல் ஏற்பட்ட கொள்ளை நோயில் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். நீரோரக் கீரைகளைப் பச்சையாக உண்பதும், கூடு மிதக்கும் நீரைக் குடிப்பதும் நோய் வரும் வழிகள்.

வடகிழக்குத் தாய்லாந்தில் கொய் பிளா என்ற பச்சை மீன் உணவு வழியே பரவும் ஓபிஸ்தார்க்கிஸ் விவெரினி என்ற ஈரல் புழு இன்னும் கொடியது. அது பித்தநாளப் புற்றுநோயை உண்டாக்குகிறது. 1994ஆம் ஆண்டு சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. அந்தப் புழுவும் கேத்தெப்சின்களைச் சுரக்கிறது. அதில் மேலோங்கி நிற்பது எஃப் வகை. நாட்டுக்கு நாடு புழு வேறு, உணவு வேறு. ஆயுதம் ஒரே குடும்பத்தது.

ஆயுதத்தையே சாட்சியாக்குவது

எதிரியின் ஆயுதம் தெரிந்துவிட்டது. அதை வைத்து நாம் என்ன செய்யலாம்? மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, நோயறிதல். சாணத்தில் முட்டையைத் தேடிக் கண்டுபிடிப்பது பழைய முறை. தொற்று ஏற்பட்டு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முட்டையே வரும். அதற்குள் ஈரலில் சுரங்கம் தோண்டப்பட்டிருக்கும். புழு கக்கும் கேத்தெப்சினையே சாணத்தில் கண்டறியும் சோதனைகள் இப்போது இருக்கின்றன. முட்டை வருமுன்பே பல நேரங்களில் அவை காட்டிக்கொடுக்கின்றன. கேத்தெப்சின் எல்1க்கு எதிரான எதிர்ப்புப் புரதத்தை இரத்தத்தில் தேடும் சோதனை மனிதருக்கும் பயன்படுகிறது.

இரண்டாவது, தடுப்பூசி. 1996இல் டால்டனின் குழு, புழுவின் கேத்தெப்சின் எல்2ஐயும் புழுவின் ஹீமோகுளோபினையும் சேர்த்து மாடுகளுக்கு ஊசி போட்டது. தொற்று ஏற்படுத்திப் பார்த்தபோது புழுக்களின் எண்ணிக்கை சராசரியாக 72 சதவீதம் குறைந்தது. எஞ்சிய புழுக்கள் இட்ட முட்டைகளும் பெரும்பாலும் கருவளராமல் போயின. அந்த முடிவு பெரும் நம்பிக்கை தந்தது. ஆனால் ஒரு சோதனையில் கிடைத்த காப்பு அடுத்ததில் அதே அளவு கிடைக்கவில்லை. இன்றுவரை சந்தையில் தடுப்பூசி வரவில்லை. 2015இல் புழுவின் மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. கேத்தெப்சின்கள் ஒரு பெரிய குடும்பமாகப் பெருகிக் கிடப்பது அதில் தெளிவாயிற்று. ஒரு கத்தியைத் தடுத்தால் இன்னொன்றை எடுக்கிறது புழு. அதனால்தான் பணி கடினம். கடினம் என்பதற்காக இதைக் கைவிடக் கூடாது என்று இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது, மருந்து. இளம்புழுவையும் வளர்ந்த புழுவையும் கொல்லும் டிரைகிளாபெண்டசோல் 1983இல் கால்நடைகளுக்கு வந்தது. 1995இல் ஆஸ்திரேலியாவில் அதற்கு எதிர்ப்புத்திறன் கொண்ட புழுக்கள் தென்பட்டன. மற்ற பல மருந்துகள் பித்தநாளத்துக்கு வந்து சேர்ந்த பெரிய புழுவைத்தான் கொல்லும். கைவசம் உள்ள மருந்துகள் குறைவு. அவற்றைக் கண்டபடி செலவழித்தால் நாளை கை வெறுமையாகிவிடும். கேத்தெப்சினைத் தடுக்கும் புதிய மருந்து ஒன்று வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் உழைப்பது இதனால்தான்.

கூடு திறக்குமுன்

தடுப்பூசி வரும்வரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை. கூடு மாட்டின் வயிற்றுக்குள் போனால்தானே திறக்கும்? அதைப் போகவிடாமல் செய்யலாம்.

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் நெல் வயல்களை நுணுகிப் பார்த்தார்கள். பச்சை நெல் தாளில் கூடுகள் பெரும்பாலும் நீரை ஒட்டிய அடிப்பகுதியில்தான் இருந்தன. அடி மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் மாட்டுக்குப் போடுங்கள், அல்லது தாளை மூன்று நாளாவது நல்ல வெயிலில் காயவைத்துப் போடுங்கள் என்பது அவர்கள் தந்த அறிவுரை. பலசுவர்க் கூடு அமிலத்தைத் தாங்கும். நம் ஊர் வெயிலைத் தாங்காது. அதே ஆராய்ச்சியாளர்கள் வாத்துகளையும் பயன்படுத்தினார்கள். வாத்தின் எச்சத்தோடு வரும் வேறொரு தட்டைப்புழுவின் இளம்பருவம் அதே நத்தைக்குள் நுழைந்து, அங்கே வளரும் ஈரல் புழுவின் இளம்பருவங்களைத் தின்றுவிடுகிறது. சாணத்தை வயலில் பச்சையாகக் கொட்டாமல் குவித்து மக்கவைத்தால் அதன் சூட்டில் முட்டைகள் மடியும். வாய்க்கால் ஓரத்தில் அறுத்த பச்சைப் புல்லை அன்றே போடாமல் காயவிட வேண்டும். மருந்து கொடுக்கும் காலத்தை உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். தாடை வீங்கும்வரை காத்திருக்கக் கூடாது.

அந்த அம்மா என்னிடம் கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. எனக்கே தெரியவில்லை. இன்று சொல்கிறேன். அம்மா, நீங்கள் வைத்த தவிடும் புண்ணாக்கும் உங்கள் பசுவின் இரத்தமாக மாறின. அந்த இரத்தத்தை ஒரு புழுக்கூட்டம் கரைத்துக் குடித்து முட்டைகளாக மாற்றி உங்கள் வயலிலேயே விட்டது. உங்கள் பசு பசியால் சாகவில்லை. இன்னொன்றின் செரிமானத்தால் செத்தது.

அந்தப் புழு நம் வீட்டுக்கு வரும் வழி ஈரப் புல்தான். நாளையிலிருந்து, வாய்க்கால் கரையில் அறுத்த புல்லை நன்றாகக் காயும்வரை வெயிலில் விரித்துவிட்டே தீவனமாகப் போடுங்கள். மாணவர்களே, அந்தப் பழுப்பு நீரில் இன்னும் பல கேள்விகள் கிடக்கின்றன. அவற்றுக்கு விடை தேடி வாருங்கள்.